டிரில் டீச்சர் பார்க்காத ஓட்டம்

எங்கள் டிரில் டீச்சரிடம் "வெளியில மழையா டீச்சர்?" என்று கேட்டால் உடனே பதில் வராது. ஸ்டாஃப் ரூமின் தகரக் கூரைமேல் மழை தடதடவென்று கொட்டிக்கொண்டிருக்கும். அது அவருக்குப் போதாது. எழுந்து போய் ஜன்னலைத் திறந்து பார்ப்பார். திரும்பி வந்து உட்கார்ந்து, "பெய்யுது சார்" என்பார். சில நாள் அவர் போய் வருவதற்குள் மழையே நின்றிருக்கும். அப்போது "பெய்யல சார்" என்பார்.

ஆந்திராவில், நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருந்த ஒரு ஜில்லா பரிஷத் உயர்நிலைப் பள்ளியில் நான் சோஷியல் வாத்தியாராக இருந்த காலம் அது. தமிழ் மீடியம் ஒரு பக்கம், தெலுங்கு மீடியம் ஒரு பக்கம். சண்டை வந்தால் பையன்கள் இரண்டு பாஷையிலும் திட்டிக்கொள்வார்கள். விசில் சத்தத்துக்கு மட்டும் மீடியம் கிடையாது. டிரில் டீச்சர் ஊதினால் இரண்டு பக்கமும் அப்படியே நிற்கும்.

புடவை கட்டி, கீழே வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்டிருப்பார். கழுத்தில் தாலிச் சரடோடு விசில் கயிறும் தொங்கும். இரண்டும் முறுக்கிக்கொள்வது தினமும் நடப்பதுதான். ஒருமுறை குடியரசு தின ஓட்டப் பந்தயத்தில், அவசரத்தில் தாலிக் குண்டை வாயில் வைத்து ஊதிவிட்டார். சத்தம் வரவில்லை. பையன்கள் குனிந்தபடியே நின்றார்கள். டீச்சர் குண்டை எடுத்துப் பார்த்தார், புடவையில் துடைத்து உள்ளே விட்டார், விசிலைத் தேடி எடுத்து ஊதினார். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சிரித்தவர்கள் நாங்கள்தான்.

அவர் எதையும் பார்க்காமல் சொல்லமாட்டார். இது நல்ல குணம்தானே என்று நீங்கள் நினைக்கலாம். கூட வேலை செய்து பாருங்கள், தெரியும். கல்யாண வீட்டு வாசலில் எதிர்ப்பட்டால் "சாப்பாடு எப்படி டீச்சர்?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்போம். "இன்னும் துன்னல சார், துன்னுட்டு வந்து சொல்றேன்" என்று உள்ளே போவார். நாம் செருப்பு தேடிப் போட்டு வண்டியைக் கிளப்பும் நேரத்துக்கு மூச்சு வாங்க ஓடி வந்து, "சாம்பார்ல உப்பு கம்மி, மத்தது நல்லாருக்குது" என்று சொல்லிவிட்டுப் போவார். பெண்ணின் அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.

வருஷத்துக்கு ஒருமுறை டீச்சரும் கணவரும் திருமலைக்குப் போவார்கள். வீட்டுக்காரருக்கு ரேணிகுண்டாவில் வேலை. வந்ததும் ஸ்டாஃப் ரூமில் லட்டு பிட்டுக் கொடுப்பார்.

"தரிசனம் நல்லா ஆச்சா டீச்சர்?" என்று கேட்டேன்.

"பாதிதான் சார் ஆச்சு. கிரீடம் பாத்தேன், நாமம் பாத்தேன். பாதத்தப் பாக்கறதுக்குள்ள ஜரகண்டி ஜரகண்டின்னு தள்ளி வுட்டாங்க. பாதம் பாக்கல."

தெலுங்கு பண்டிட் லட்டை வாயருகே வைத்தபடி பதறிவிட்டார். "அப்படிச் சொல்லக் கூடாது டீச்சர். பாவம்."

"பாக்காதத பாத்தேன்னு சொன்னாதான சார் பாவம்?"

அவர் வீட்டுக்காரரை ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது இதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "போன வருசம் பாதம் பாத்துச்சு சார், கிரீடத்த வுட்டுடுச்சு. ரெண்டு வருசத்தையும் கூட்டி ஒரு தரிசனம்னு வெச்சிக்கினு கீறோம். இன்னா பண்றது" என்றார். பாவம், பழகிப்போன மனுஷன்.

தமிழ் ஐயா அவரை விடாமல் சீண்டுவார். "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். தெரியுமா டீச்சர்?"

"விசாரிக்க நேரமில்லீங்க ஐயா. ஆறாவது பி கிரவுண்டுல நிக்குது" என்று டீச்சர் போய்விடுவார்.

மண்டல அளவிலான கபடிப் போட்டியை மட்டும் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பையன்கள் இறுதி ஆட்டம்வரை போனது பள்ளிச் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை. சரித்திரம் நான் நடத்துகிற பாடம் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். பக்கக் கோட்டைப் பார்க்க வேண்டிய நடுவர் வரவில்லை என்று எங்கள் டீச்சரை நிறுத்தினார்கள். நம்ம டீச்சர் கோட்டருகே நிற்கிறார் என்றதும் பையன்களுக்கு ஒரே குஷி. கடைசி நிமிஷத்தில் எங்கள் ஆள் எதிராளியைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது அவன் கால் கட்டைவிரல் கோட்டுக்கு வெளியே பட்டது. பட்டது என்பது டீச்சர் சொல்லித்தான் உலகத்துக்கே தெரியும். எதிர்க்கட்சிக்காரர்கள்கூடக் கேட்கவில்லை. இவர் விசிலை ஊதிக் கையைத் தூக்கிவிட்டார். ஒரு புள்ளியில் தோற்றோம்.

ஹெச்.எம். பெரிய கோபக்காரர் இல்லை. அன்றைக்கு அவருக்கே தாங்கவில்லை. "நீங்க கொஞ்சம் வேற பக்கம் பாத்திருக்கக் கூடாதா டீச்சர்?"

"வேற பக்கம் பாக்கறதுக்கா சார் என்னை அங்க நிக்க வெச்சாங்க?"

சாயங்காலம் அவருடைய ஸ்கூட்டியின் இரண்டு டயரிலும் காற்று இல்லை. வால்வு மூடிகள் எங்கள் அணித் தலைவனின் சட்டைப் பையில் துருத்திக்கொண்டு தெரிந்தன. ஹெச்.எம். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, "யாருன்னு மட்டும் சொல்லுங்க டீச்சர், டி.சி. கொடுத்துடறேன்" என்றார். டீச்சர் பையன்களை ஒரு தடவை பார்த்தார். டயரைப் பார்த்தார். "புடுங்கறத நான் பாக்கல சார்" என்று சொல்லிவிட்டு, பஞ்சர் கடைவரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார். பாதி வழியில் பையன்கள் நாலு பேர் ஓடிப்போய்த் தள்ள ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம் அந்த வண்டியை ஒருத்தன் தொட்டதில்லை. எனக்கும் அன்றைக்குத்தான் இந்த அம்மாளைப் பிடித்துப்போனது.

இப்படிப்பட்டவரிடம் போய்த்தான் மேலிடத்திலிருந்து அந்த உத்தரவு வந்து சேர்ந்தது. விளையாட்டுக்கும் கிரேடு உண்டு, பிள்ளைகள் ஒவ்வொருவரையும் சோதித்து கிரேடு போட்டு ஆன்லைனில் ஏற்ற வேண்டும் என்று. மற்ற பள்ளிக்கூடங்களில் இதை எப்படிச் செய்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டீ ஆறுவதற்குள் எல்லோருக்கும் 'ஏ' போட்டு எழுந்துவிட்டார்கள். ஓட்டம், நீளம் தாண்டுதல், பந்து எறிதல், ஸ்கிப்பிங் என்று நாலையும் நிஜமாகவே நடத்தியது எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

முடியாத பிள்ளைகளுக்கு எதிரே அவர் ஒன்றும் எழுதமாட்டார். கட்டத்தை வெறுமையாக விடுவார்.

"ஃபெயிலா டீச்சர்?" என்று கேட்பார்கள்.

"ஃபெயில் இல்ல. இன்னும் பாக்கல. நாளைக்கு வா."

இந்த 'இன்னும்' இருக்கிறதே, அதிலிருந்து எந்தப் பிள்ளையும் தப்பித்ததில்லை. ஃபெயில் என்றால் அழுதுவிட்டுப் போய்விடலாம். இதில் அதற்கும் வழியில்லை. எட்டாவது படித்த ஒரு குண்டுப் பையன், நீளம் தாண்டும் மணல் குழியில் கார்த்திகை மாதம் முழுக்க விழுந்தான், மார்கழியில் விழுந்தான், பொங்கலுக்கு ஊருக்குப் போய்வந்தும் விழுந்தான். ஒருநாள் தாண்டிவிட்டான். அன்றைக்கு டிபன் பாக்ஸில் குழி மணலை அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோனான். அவன் அம்மா மறுநாள் வந்து, டப்பாவில் எதற்கு மண் என்று எங்களிடம் சண்டை போட்டாள்.

பத்தாவதில் மட்டும் ஏழெட்டுக் கட்டங்கள் வெறுமையாகவே கிடந்தன. அவர்களெல்லாம் கணக்கு சாரின் ஸ்பெஷல் பேட்ச், நன்றாகப் படிக்கிற பிள்ளைகள். டிரில் பீரியட் வந்தால் கணக்கு சார் வாசலில் நின்று, "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் டீச்சர்" என்பார். அந்த ஒரு நாள் ஜூனில் ஆரம்பித்தது. அவர்களில் முதல் மார்க் வாங்குகிற பெண் பவித்ரா. அவள் நைனாவுக்கு நகரியில் ரெண்டு விசைத்தறி ஓடுகிறது. மகள் டாக்டர் ஆகவேண்டும் என்று தறிச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்லுகிற மனிதர். அந்தப் பெண் எங்கள் மைதானத்தை மிதித்தது காலையில் கேட்டிலிருந்து வகுப்புக்கும், மாலையில் வகுப்பிலிருந்து கேட்டுக்கும் போகும்போதுதான்.

ஆன்லைனில் ஏற்றக் கடைசி நாள் வந்தது. டீச்சர் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக லீவு. ஹெச்.எம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வெறுங்கட்டங்கள் எல்லாவற்றிலும் 'ஏ' என்று அடித்து ஏற்றிவிட்டார். ஸ்கூலுக்குப் பேர் வாங்கித் தரப்போகிற பிள்ளைகளுக்கு வெறுங்கட்டமா என்பது அவர் நியாயம்.

திரும்பி வந்து டீச்சர் அதைப் பார்த்தார். ஹெச்.எம். அறைக்குப் போனபோது நான் உள்ளேதான் இருந்தேன்.

"இவங்க யாரும் ஓடவே இல்லியே சார்."

"தெரியும் டீச்சர். வுடுங்க."

"ஓடாத பசங்களுக்கு ஏ போட்டுக்கீது."

"லாக் ஆயிடுச்சு டீச்சர். இனிமே பிரம்மா வந்தாலும் மாத்த முடியாது."

டீச்சர் கொஞ்ச நேரம் விசில் கயிற்றைப் பிரித்துக்கொண்டு நின்றார். மேலே புகார் எழுதப் போகிறாரோ என்று ஹெச்.எம்.முக்கு நெற்றி வியர்த்துவிட்டது. டீச்சர் நிதானமாகச் சொன்னார்: "மார்க்க மாத்த முடியலன்னா, புள்ளைங்களத்தான் சார் மாத்தணும்."

அப்படிச் சொன்னதன் அர்த்தம் பப்ளிக் பரீட்சை முடிந்த மறுநாள் எனக்குப் புரிந்தது. காலையிலேயே என் வீட்டு வாசலில் ஸ்கூட்டி நின்றது. கையில் டேப், ஸ்டாப் வாட்ச், ஸ்கிப்பிங் கயிறு. "சார், நான் ஓட்டத்தோட முடிவுல நின்னு டைம் பாக்கணும். ஆரம்பத்துல கைக்குட்டை காட்ட ஒரு ஆள் வேணும். வாங்க."

"நான் எதுக்கு டீச்சர்? உங்க வீட்டுக்காரர் இருக்காரே."

"அவரு வரமாட்டேன்னுட்டாரு."

விவரம் தெரிந்த மனிதர். விவரம் இல்லாத நான் போனேன்.

அந்தக் கோடையில் நாங்கள் செய்த வேலையைக் கோர்ட்டு அமீனாகூடச் செய்யமாட்டான். மார்க் வாங்கிவிட்ட பிள்ளைகளிடம் போய் ஓட்டத்தை வசூல் பண்ணினோம். ஸ்கூட்டி சத்தம் கேட்டாலே பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் புகுந்தார்கள். ஒருத்தன் சித்தூரில் மாமா வீட்டுக்குப் போய்விட்டான். அங்கே மாம்பழ மண்டியில் அவனைப் பிடித்தோம். லாரிகளுக்கு நடுவே ஓடவிட்டு, பந்துக்குப் பதில் மாங்காயை எறியச் சொன்னோம். மண்டிக்காரர் எதற்கென்று கேட்டார். "பத்தாவது பரீட்சை" என்றார் டீச்சர். மண்டிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு போனார். இன்னொரு பெண்ணை அவள் அக்காவின் கல்யாணத்தில் பிடித்தோம். பட்டுப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னால் சமையல் அடுப்பு வரிசையோரமாக ஓடினாள். நன்றாகவே ஓடினாள். இதை ஏன் ஒரு வருஷமாகக் கணக்கு சார் கட்டிப் போட்டிருந்தார் என்று எனக்கே வருத்தமாக இருந்தது.

ஒவ்வொருத்தரும் தேறியதும் டீச்சர் தன் ரெஜிஸ்டரில் பேனாவால் 'ஏ' எழுதுவார். ஆன்லைனில் ஏற்கெனவே இருக்கிற அதே 'ஏ'தான். எழுதிவிட்டு, "இப்ப சரியாப் போச்சு" என்பார்.

பவித்ரா மட்டும் மிச்சம். தாண்டுதல், எறிதல், ஸ்கிப்பிங் மூன்றையும் பரீட்சை முடிந்த வாரமே அவள் வீட்டு வாசலில் முடித்துவிட்டாள். ஓட்டத்துக்கு மறுநாள் போனபோது ஆள் இல்லை. ரிசல்ட் வருவதற்கு முன்பே திருப்பதியில் பிளஸ் டூ படிப்புக்கான ஒரு இன்டர் காலேஜில் சேர்த்து ஹாஸ்டலில் விட்டுவிட்டார்கள்.

மற்றவர்களை முடித்துவிட்டு, ரெண்டு மாதம் கழித்து மறுபடி அவள் வீட்டுக்குப் போனோம். "அங்க ஓட எடமே கெடையாது டீச்சர்" என்றார் அவள் நைனா. அதைப் பெருமையாகச் சொன்னார். "நாலு மாடி பில்டிங். வெடிகாலைல எழுப்பி வுட்டா ராத்திரி வரைக்கும் படிப்புதான். வெளிய வுடமாட்டாங்க. மூணு மாசத்துக்கு ஒரு தபாதான் நாங்க போய்ப் பாக்கலாம். ஓட்டத்த வுடுங்க."

அவர் தறிப்பக்கம் போனதும் அவள் அம்மா எங்கள் அருகே வந்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள். "பொண்ணு பேச மாட்டேங்குது டீச்சர். வாரா வாரம் போன் தராங்க. துன்னியாம்மான்னு கேட்டா 'ஊம்'. தூங்கனியான்னா 'ஊம்'. வேற பேச்சே இல்ல. ஊட்ல இருந்தப்ப வாய் ஓயாது அதுக்கு. இவருகிட்ட சொன்னா பழகிடும், பழகிடும்னு சொல்லிக்கினு கீறாரு. நீங்க பாத்துட்டு வந்து சொல்றீங்களா? நீங்க சொன்னா இருக்கறத அப்பிடியே சொல்வீங்க."

டீச்சர் எழுந்து தறிக்கொட்டகைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். "ஓட்டம் பாக்கி இருக்குது சார். பாக்காம ஏ போட்டுக்கீறாங்க" என்றார் அவள் நைனாவிடம்.

அவர் தறியை நிறுத்தினார். "இதனால காலேஜுல எதுனா ப்ராப்ளம் வருமா டீச்சர்? பின்னாடி மெடிக்கல் சீட்டுக்கு செக் பண்ணுவாங்களா?"

வேறு யாராக இருந்தாலும் வராது என்றிருப்பார்கள். நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டீச்சர், "தெரியாது சார். நான் அதெல்லாம் பாத்ததில்ல" என்றார்.

மனிதர் அங்கேயே போனை எடுத்துக் காலேஜுக்குப் பேசினார். பத்தாம் வகுப்பு பரீட்சை ஒன்று பாக்கி இருக்கிறது, டீச்சர் வருகிறார்கள், தயவுசெய்து அனுமதிக்க வேண்டும் என்று.

ஞாயிற்றுக்கிழமை காலை திருப்பதிக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் கறிக்குழம்பு வைக்கிற நாள். அதை விட்டுவிட்டு ஒரு பெண் ஓடுவதைப் பார்க்கப் பஸ் ஏறுகிற முட்டாள் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான் என்று டீச்சரிடம் சொன்னேன். "வேற யாரும் போறாங்களான்னு தெரியல சார்" என்றார். இவரிடம் போய் அலுத்துக்கொண்டேன் பாருங்கள்.

காலேஜ் ஒரு சந்துக்குள் இருந்தது. காலேஜ் என்று போர்டு இருந்ததால் நம்பினேன், இல்லாவிட்டால் லாட்ஜ் என்றே நினைத்திருப்பேன். ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி. கேட்டில் வார்டன் அம்மாள் கையை நீட்டி மறித்தாள். பெற்றோர் தவிர யாரையும் விடுவதில்லை என்று தெலுங்கில் அடித்துச் சொன்னாள். டீச்சர் தன் விசிலைக் காட்டி, "ஒக எக்ஸாம் பெண்டிங் உந்தி" என்றார்.

எக்ஸாம் என்ற வார்த்தைக்கு அந்தக் கட்டடத்தில் இருந்த மரியாதையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. வார்டனின் கை தானாகக் கீழே இறங்கியது. வைஸ் பிரின்சிபால் மாடியிலிருந்து வேகமாக வந்தார். எத்தனை மார்க்குக்கு, எந்த சப்ஜெக்ட் என்று கேட்டார். "மார்க் போட்டாச்சு சார். எக்ஸாம்தான் இன்னும் நடக்கல" என்று டீச்சர் உள்ளதைச் சொன்னார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததைக் காட்டிக்கொள்ளவும் இல்லை. பெண்ணை அனுப்பச் சொன்னார்.

பவித்ரா இறங்கி வந்தாள். ரெண்டே மாதத்தில் பாதியாகிப் போயிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு. வெயில் பட்டதும் கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"எப்பிடிம்மா கீற?" என்று கேட்டேன்.

"ஊம்" என்றாள்.

டீச்சர் டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். சந்தின் ஒரு முனையில் பொரி மசாலா வண்டிக்காரர் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. ஐம்பது மீட்டர் அளந்து, வேன்கள் நிற்கும் இடத்துக்கு முன்னால் இன்னொரு கோடு. நான் கைக்குட்டையோடு முதல் கோட்டில் நின்றேன். டீச்சர் வாட்சைப் பிடித்துக்கொண்டு கடைசிக் கோட்டில். நடுவில் பைக் வராமல் வார்டன் அம்மாளே கையை விரித்து நிறுத்திக்கொண்டிருந்தாள். பரீட்சை அல்லவா.

கைக்குட்டையை இறக்கினேன். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு பவித்ரா ஓட ஆரம்பித்தாள். முதலில் அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் ஓடுகிற மாதிரி ஒரு தடுமாற்றம். அப்போதுதான் மேலே சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் ஜன்னல் கம்பிகள் முழுக்க முகங்கள். "பரிகெத்து! பரிகெத்து!" என்று நாலு மாடியும் தெலுங்கில் ஓடச் சொல்லிக் கத்துகிறது. வார்டன் மேலே பார்த்து ஒரு அதட்டல் போட்டாள். முகங்கள் மறைந்தன, மறுபடி வந்தன. பவித்ராவின் கால்கள் அதற்குள் வழியைக் கண்டுபிடித்துவிட்டன. பின்னல் ஆட, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு ஓடினாள். பாஸாகிவிடுவாள் என்று தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

கடைசிக் கோட்டுக்கு ஓரடி முன்னால் அவள் நின்றுவிட்டாள்.

விழவில்லை, காலில் ஒன்றும் குத்தவில்லை. சும்மா நின்றாள். டீச்சரைப் பார்த்தாள். வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் "ஓடு" என்று சொல்லவில்லை. அவளைப் பார்த்தபடியே நின்றார். ரெண்டு பேரும் அப்படி நின்ற நேரத்தில் நான் பாதி தூரம் நடந்து வந்துவிட்டேன். அப்புறம் பவித்ரா மெதுவாக ஒரு காலைத் தூக்கிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தாள். டீச்சர் வாட்சை அழுத்தினார். படித்தார்.

"பத்தல" என்றார்.

"அப்ப இன்னா டீச்சர்?" என்றாள் பவித்ரா.

"அடுத்த ஞாயித்துக்கிழம திரும்ப வருவேன்."

வார்டனிடம் திரும்பி, "ஃபெயில் அயிந்தி. வச்சே ஆதிவாரம் மள்ளீ பெட்டாலி" என்றார், அடுத்த ஞாயிறு மறுபடி வைக்கவேண்டுமாம். ஒரு பிள்ளையை ஃபெயில் என்று அவர் சொல்லி வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டேன். வார்டன் அம்மாள் ஆடிப்போய்விட்டாள். அந்தக் கட்டடத்தில் சாவைக்கூடச் சொல்லலாம், ஃபெயில் என்று சொல்லக்கூடாது. வைஸ் பிரின்சிபாலிடம் ஓடினாள். அவர் அங்கேயே உத்தரவு போட்டார்: ஃபெயிலான பெண் தினமும் சாயங்காலம் அரைமணி நேரம் கீழே இறங்கி ஓடிப் பழகவேண்டும், வார்டன் கூடவே நிற்கவேண்டும்.

டீச்சர் பொரி மசாலா வாங்கிக் கொடுத்தார். பவித்ரா சந்தின் ஓரத்தில் உட்கார்ந்து தின்றுகொண்டே பேச ஆரம்பித்தாள். ஸ்கூல் கேட்டுக்குப் பெயின்ட் அடித்துவிட்டார்களா, கணக்கு சார் இந்த வருஷம் யாரைத் திட்டுகிறார், அவள் அறையில் இருக்கும் மதனப்பள்ளிப் பெண் தூக்கத்தில் ஃபார்முலா சொல்கிறாள், இட்லி கல்லு மாதிரி இருக்கிறது, அம்மாவை எள்ளுருண்டை கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். வார்டன் வந்து கூப்பிட்டபோதும் பேசிக்கொண்டேதான் படி ஏறினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் டீச்சர் அவள் அம்மாவுக்குப் போன் போட்டார். "எளச்சிருக்குது. பொரி துன்னுச்சு. பேசுச்சு, நெறையப் பேசுச்சு. எள்ளுருண்டை கேக்குது. நானே பாத்தேன்." அந்தப் பக்கம் அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. ஃபெயிலானதைச் சொன்னதும் போன் அவள் நைனாவிடம் போனது. வாரா வாரம் போய்ப் பரீட்சை வையுங்கள் டீச்சர், எப்படியாவது பாஸாக்கிவிடுங்கள் என்று அந்த மனிதர் கெஞ்சினார்.

டீச்சர் போனை வைத்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்ற நினைப்பு. "டீச்சர், அந்தப் பொண்ணு வேணும்னேதான் நின்னுச்சு."

"பாத்தேன் சார்."

"பாத்துமா ஃபெயில் போட்டீங்க?"

"நின்னுச்சு. டைம் ஆயிடுச்சு. வாட்ச்ல இருக்கறதத்தான எழுதணும்?" ரெஜிஸ்டரைத் திறந்து காட்டினார். வாட்சில் இருந்த அதே எண்தான், பொய் ஒன்றும் இல்லை.

பஸ் ரேணிகுண்டாவைத் தாண்டியது. நான் விடவில்லை. "சரி, அடுத்த வாரமாவது ஒயுங்கா ஓடுமா?"

நான் எதிர்பார்த்த பதில் 'தெரியாது சார், இன்னும் பாக்கல' என்பது. அத்தனை வருஷத்தில் நாளைக்கு நடக்கப்போகும் எதைக் கேட்டாலும் அவர் சொன்னது அதுதான். அன்றைக்கு டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஓடாது சார்" என்றார்.